மாத்திரை அட்டையில் ஒரு வெட்டு

எனக்கு மூக்கு மேல் கோபம் என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். இரும்புலியூரில் ஒரு மெடிக்கல் கடைக் கவுண்டருக்குப் பின்னால் ஐந்து வருஷம் நின்று பாருங்கள், உங்களுக்கும் வரும். "அந்த மஞ்சள் மாத்திரை குடும்மா" என்பார்கள். எந்த மஞ்சள் மாத்திரை என்று கேட்டால், "போன வாரம் குடுத்தியே, அதான்" என்பார்கள். போன வாரம் கொடுத்தது நானா, எதிர்க்கடைக்காரனா என்று யாருக்குத் தெரியும்?

என் பெயர் சத்யபிரியா. பன்னிரண்டாவது முடித்த கையோடு இங்கே வேலைக்குச் சேர்ந்தேன். மருந்தைப் பற்றி நான் எங்கேயும் படித்ததில்லை. எந்த மாத்திரை எந்த அலமாரியில், எது தீர்ந்துபோனால் எதை எடுத்துக் கொடுக்கலாம், எதை விற்றால் முதலாளி முகம் மலரும், இவ்வளவுதான் என் படிப்பு. அந்த மாத்திரை உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. ஒன்பதாயிரம் ரூபாய் சம்பளத்துக்கு அது வேறயா என்றுதான் இருந்தேன்.

முதலாளி ராஜகோபால் சார் பரம்பரையாக இந்த ஊர்க்காரர். அவர்கள் வீட்டு நெல் வயலில் இப்போது அவருடைய காம்ப்ளெக்ஸ் நிற்கிறது. மற்ற கடைகளை வாடகைக்கு விட்டுவிட்டு மெடிக்கலை மட்டும் அவரே நடத்துகிறார். அவரும் மருந்து படித்தவர் இல்லை. படித்த பார்மசிஸ்ட் ஒருவர் கடையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்காக முகிலன் என்பவருடைய சர்டிஃபிகேட்டைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். முகிலன் மாதம் ஒரு தடவை வருவார். சர்டிஃபிகேட்டுக்கான பணத்தை வாங்கிக்கொண்டு, ஒரு டீயும் குடித்துவிட்டுப் போய்விடுவார். அவர் மாத்திரை எடுத்துக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை.

எங்கள் கடைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. படிக்கத் தெரியாதவர்களுக்கு மாத்திரை அட்டையின் ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டுப் போட்டுக் கொடுப்போம். ஒரு வெட்டு என்றால் தினம் ஒன்று. இரண்டு வெட்டு என்றால் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. மூன்று என்றால் மூன்று வேளை. இது முதலாளியின் கண்டுபிடிப்பு. வேலைக்குச் சேருகிற எல்லாருக்கும் முதல் நாளே இதைத்தான் சொல்லிக் கொடுப்பார், அதோடு ட்ரெயினிங் முடிந்தது. பொய் சொல்லக்கூடாது, ஜனங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். முடிச்சூர் பக்கத்திலிருந்தெல்லாம், நடுவில் இருக்கிற கடைகளைத் தாண்டி, இந்த வெட்டுக்காகவே வருவார்கள்.

இந்த ஆடி மாதம் தேவதர்ஷினி வந்து சேர்ந்தாள். டி.பார்ம் படித்து முடித்த பெண். ஏதாவது ஒரு மெடிக்கலில் மூன்று மாதம் வேலை பழகி, கடைக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அவளால் பார்மசிஸ்ட் என்று பதிவு செய்ய முடியும். அவளுக்குச் சம்பளம் கிடையாது. "வேற கடையில எல்லாம் கையெழுத்துக்குக் காசு கேக்கறாம்மா. நான் கேக்கறனா? தொழில் கத்துக் குடுக்கறேன்" என்று முதலாளி தினமும் ஒரு தடவையாவது சொல்வார். தொழில் என்றால் என்ன? அலமாரியைத் துடைப்பது, பார்சலைப் பிரிப்பது, அவருக்கு வெற்றிலை வாங்கி வருவது. நான்கூட அவளைக் கொஞ்சம் படுத்தியிருக்கிறேன். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தாளே, அது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் பாவம், வாயில்லாப் பூச்சி. திட்டினால் "சரிக்கா" என்பாள்.

அஞ்சம்மாள் டாக்டர் சீட்டோடு வந்தது மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில். பக்கத்து அப்பார்ட்மெண்டில் வீட்டு வேலை செய்கிற அம்மா. கை விரல் முட்டியெல்லாம் வீங்கி, துடைப்பத்தைப் பிடிக்க முடியாமல் எத்தனையோ மாதமாக அவதிப்பட்டுக்கொண்டிருந்தாள். சரவாங்கி என்கிற முடக்கு வாதம். யாரோ ஒரு வீட்டுக்காரம்மா பெரிய டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறாள். கடையில் கூட்டம் நெரிந்தது. நான் அந்தக் கோடியில் பார்சல் எண்ணிக்கொண்டிருந்தேன். சீட்டை வாங்கியது தர்ஷினி.

"சார், இது வாரத்துக்கு ஒண்ணு போட்டுருக்கு. இதுக்கு எப்படி வெட்டறது?" என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது.

முதலாளி போனில் இருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒண்ணுன்னா ஒரு வெட்டு. இதுகூடவா சொல்லித் தரணும்?"

"இல்ல சார், இது வாரத்துக்கு..."

"கவுண்டர்ல நின்னு பாடம் நடத்தாதம்மா. ஆளுங்க நிக்கறாங்க பாரு. வெட்டிக் குடுத்து அனுப்பு."

அவள் ஒரு வெட்டு போட்டுக் கொடுத்தாள். "வாரத்துக்கு ஒண்ணும்மா" என்று மெல்லச் சொன்னாள்தான். மழைச் சத்தத்தில் அது எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. அஞ்சம்மாள் அட்டையின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு தானே கண்ணு? சரி சரி" என்று முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். எனக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை. சரவாங்கி மாத்திரை, அவ்வளவுதானே என்று பார்சலை எண்ணினேன்.

ஒரு வாரம் போயிருக்கும். அஞ்சம்மாள் மறுபடி வந்தாள். "வாய் பூரா புண்ணு பாப்பா. காரமே துன்ன முடியல. எதுனா குடேன்."

சத்து மாத்திரை கொடுத்தோம். சூட்டினால் வருவது என்று முதலாளி இலவசமாக வைத்தியமும் சொன்னார். அப்புறம் இரண்டு நாள் கழித்து வந்து வாயில் தடவுகிற மருந்து கேட்டாள். உதடெல்லாம் வெடித்து, பேசினால் ரத்தம் கசிந்தது. அதையும் எடுத்துக் கொடுத்தோம். கை எப்படி இருக்கிறது என்று நான்தான் கேட்டேன். "கையி சூப்பரா கீது! உங்க மாத்திரை நல்லா கேக்குது, ஒரு நாள் வுடாம போட்டுகினு வரேன்" என்று அந்தப் புண் வாயோடு சிரித்தாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்ல மனுஷி, எங்களைத் திட்டாத சில பேரில் ஒருத்தி. தர்ஷினி அப்போது வெற்றிலை வாங்கப் போயிருந்தாள்.

அதற்கடுத்து அஞ்சம்மாள் வரவில்லை. அவள் பக்கத்து வீட்டு செல்வமேரி அக்கா வந்தாள், காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில்.

"ஜுரத்துக்கு எதுனா குடும்மா. அஞ்சம்மாளுக்கு ஒடம்பு நெருப்பா கொதிக்குது. ஒரு முழுங்கு தண்ணி எறங்கல. கையில காலுல எல்லாம் செவப்பு செவப்பா புள்ளி வந்துகீது. இன்னான்னே புரியல, ஒரே பேஜாரா கீது."

"டெங்கு சீசன்க்கா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிக்கொண்டே ஜுர மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். செல்வமேரி அக்கா குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பினால் தர்ஷினி அலமாரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகத்தில் ஈ ஆடவில்லை.

"ஏன்டி, என்ன ஆச்சு?"

"அக்கா, வாய்ப்புண்ணுன்னு அந்தம்மா எப்பயாவது வந்தாங்களா?"

"ரெண்டு தடவை வந்தாங்க. ஏன்?"

அவள் என் கையைப் பிடித்துப் பின்னால் ஸ்டாக் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அக்கா, அது மெத்தோட்ரெக்சேட். சரவாங்கிக்கு வாரத்துல ஒரே ஒரு நாள்தான் போடணும். தினமும் போட்டா ரத்தம் ஊறறதே நின்னுடும். முதல்ல வாய்ப்புண்ணு வரும், அப்புறம் ஜுரம், அப்புறம்..." ஸ்டாக் ரூம் கதவைச் சாத்தினாள். "க்ளாஸ்ல இதைத்தான்க்கா முதல்ல சொல்லுவாங்க. ஆள் செத்துடுவாங்கக்கா."

ஒரு நாள் விடாமல் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று அந்த அம்மா சிரித்த சிரிப்பு கண் முன்னால் வந்து நின்றது. தெரிந்தும் ஏன்டி வெட்டினே என்று அவளை அறைந்துவிடலாம் போல இருந்தது. அறைந்து என்ன பிரயோஜனம்? கையெழுத்து அவர் கையில் இருக்கும்போது அந்தப் பெண் எவ்வளவு தூரம் எதிர்த்துப் பேச முடியும்? நேராக முதலாளியிடம் போனோம்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவே இல்லை. தர்ஷினி சொல்லி முடிக்கிற வரைக்கும் மேஜையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அப்புறம் எழுந்து சட்டையைச் சரி செய்துகொண்டார். "அந்தம்மா வீடு எங்க?"

"ஏரிக்கரைத் தெருன்னு நினைக்கறேன் சார்" என்றேன்.

"நீங்க கடையைப் பாருங்க. நானே போய்ப் பாத்து, மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டு வரேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, பயந்துடுவாங்க."

அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மழையில் கிளம்பியபோது எனக்கு நிஜமாகவே மனசு குளிர்ந்தது. என்ன இருந்தாலும் பெரிய மனுஷன் என்று நினைத்தேன். தர்ஷினி சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்துக் கையைக் கூப்பினாள்.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல. சாதாரண ஜுரம். மாத்திரையை நிறுத்தியாச்சு. நல்லாதான் பேசிட்டு இருக்காங்க" என்றார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து தர்ஷினியின் ட்ரெயினிங் பேப்பரை எடுத்தார். மூன்று மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது. அவர் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டு, கடை சீலையும் குத்தி மேஜை மேல் வைத்தார். "சாயந்தரம் போகும்போது எடுத்துக்கோம்மா. நாளையிலிருந்து நீ வர வேணாம்." என் பக்கம் திரும்பினார். "சத்யா, உனக்கு அடுத்த மாசத்துல இருந்து பன்னெண்டாயிரம்."

எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான். ஐந்து வருஷத்தில் ஐந்நூறு ரூபாய் ஏற்றச் சொல்லி நான் இவரிடம் தொங்காத தொங்கலா? தீபாவளிக்குக் கொடுக்கிற ஸ்வீட் பாக்ஸைக்கூட எடை பார்த்து வாங்குகிற மனுஷன், கேட்காமல் மூவாயிரம் ஏற்றுகிறார். நல்லாதான் பேசிட்டு இருக்காங்க என்று சொன்னாரே. வாய் வெந்து கிடக்கிறவள் எப்படி நன்றாகப் பேசுவாள்?

சாப்பிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். டிபன் பாக்ஸைக்கூட எடுக்கவில்லை. முட்டி வரைக்கும் தண்ணீர் நின்ற தெருவில் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வாசலில் செல்வமேரி அக்கா தண்ணீரை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்பதாம்மா தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாங்க. மூக்குல இருந்து ரத்தம் வந்துடுச்சு. அவ புள்ள மோகன்ராஜ்தான் ஆட்டோல போட்டுகினு ஓடறான்."

"எங்க முதலாளி வந்தாரா?"

"வந்தாரே! தங்கமான மனுசன். ஆப்பிள் வாங்கியாந்தாரு. அந்த மாத்திரை அட்டையெல்லாம் பழசாம், புதுசா மாத்திக் குடுக்கறேன்னு வாங்கினு போனாரு. டாக்டரு சீட்டும் அவராண்டதான் கீது."

"வேற என்ன சொன்னாரு?"

"ஆஸ்பத்திரியில கேட்டா எந்த மாத்திரையும் போடலன்னு சொல்லச் சொன்னாரு. வெளி மாத்திரை போட்டுகினு வந்தா பெட்டு குடுக்க மாட்டாங்களாம். அத்த கேட்டு அந்தப் புள்ளயும் சரின்னு தலையாட்டிச்சு." குனிந்து இன்னொரு பாத்திரம் தண்ணீரை வாரினாள். "அந்தப் பெரிய டாக்டரு வாரத்துக்கு ஒண்ணுன்னு ஏதோ சொன்னாராம்மா. நான்கூட அஞ்சம்மாளைக் கேட்டேன். டாக்டரு ஆயிரம் சொல்லுவாரு, கடையில வெட்டு போட்டுக் குடுத்துகீறாங்க, அது தப்பாதுன்னுட்டா."

அட பாவி மனுஷா! காப்பாற்றப் போகவில்லை, தடயத்தைத் துடைத்து எடுக்கப் போயிருக்கிறார். டாக்டர்கள் டெங்குவா, வேறு என்ன ஜுரமா என்று தேடிக்கொண்டே இருப்பார்கள். எது விஷம் என்று தெரியாமலே அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிடுவாள். முதலாளி மாலை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வருவார். அந்த மனுஷன் கையால் ஐந்து வருஷம் சம்பளம் வாங்கித் தின்றிருக்கிறேனே!

தர்ஷினிக்குப் போன் போட்டேன். "அட்டையையும் சீட்டையும் அவரு எடுத்துட்டாருடி. ஆஸ்பத்திரியில எதுவும் சொல்லக்கூடாதுன்னு வேற சொல்லி வச்சிருக்காரு. நான் போறேன். ஆனா எனக்கு அந்தப் பேரு மட்டும்தான் தெரியும், டாக்டர் கேட்டா விளக்கத் தெரியாது. நீ வரியா?"

மேஜை மேல் கையெழுத்தோடு கிடக்கிற பேப்பரை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவள் அப்பா கடன் வாங்கிப் படிக்க வைத்த படிப்பு. வரமாட்டாள் என்றே நினைத்தேன். அவள் மேல் கோபம்கூட வரவில்லை.

"எந்த ஆஸ்பத்திரிக்கா?" என்றாள்.

நான் தாம்பரத்தில் அந்த ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது அவளும் நனைந்துகொண்டே ஓடி வந்தாள். கையில் ஒன்றும் இல்லை. "கிளம்பினா கிழிச்சிடுவேன்னாரு. கிழிச்சிட்டாரு" என்றாள். "அஞ்சம்மாள்னு யாருமே நம்ம கடைக்கு வந்ததில்ல, பில்லு இருந்தா காட்டச் சொல்லுன்னும் சொன்னாருக்கா." பில் எங்கே இருக்கும்? பில் இல்லாமல் வாங்கினால் அஞ்சு ரூபாய் குறைத்துக் கொடுப்பது எங்கள் கடையின் இன்னொரு பெருமை.

எமர்ஜென்சி வார்டு வாசலில் மோகன்ராஜ் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். டியூட்டி டாக்டர் சின்ன வயசுப் பெண், கையில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு வெளியே வந்தார். "டெங்கு இல்ல. ஆனா ரத்தத்துல எல்லாமே அடியோட இறங்கியிருக்கு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தம்பி, அம்மா வேற மாத்திரை ஏதாவது சாப்பிட்டாங்களா?"

மோகன்ராஜ் தரையைப் பார்த்தான். "இல்ல டாக்டர். எதுவும் சாப்புடல."

"சாப்பிட்டாங்க" என்றாள் தர்ஷினி. என் பின்னால் நின்றிருந்தவள் முன்னால் வந்துவிட்டாள். "மெத்தோட்ரெக்சேட், பத்து மில்லிகிராம். வாரத்துக்கு ஒண்ணு எழுதியிருந்தது. தினமும் ஒண்ணு போட்டிருக்காங்க. பத்து நாளைக்கு மேல இருக்கும். நான்தான் வெட்டு போட்டுக் குடுத்தேன்."

டாக்டர் உள்ளே ஓடினார். ஏதோ ஊசி மருந்தின் பெயரைக் கத்திச் சொன்னது கேட்டது. ஒரு நர்ஸ் எங்களை விலக்கிவிட்டு மாடிக்கு ஓடினாள். மோகன்ராஜ் எழுந்து வந்து தர்ஷினியின் முகத்துக்கு நேராக நின்றான். அடிக்கப்போகிறான் என்று நான் நடுவில் போனேன். அவன் அடிக்கவில்லை. திரும்பிச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். "நான் பொய் சொன்னேன், நான் பொய் சொன்னேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அவனை என்னவென்று சமாதானம் செய்வது? அந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுத்தது யார்?

ரொம்ப நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "மாற்று மருந்து ஏத்தியாச்சு. இன்னும் ஆபத்து தாண்டல. ஆனா இன்னைக்கே வந்து சொன்னீங்க. நாளைக்கு வந்திருந்தீங்கன்னா என் கையில ஒண்ணும் இருந்திருக்காது."

அஞ்சம்மாள் பிழைத்துவிடுவாள் என்ற நினைப்பே எனக்குக் கண்ணில் தண்ணீரை வரவழைத்தது. போலீஸோ, வேலையோ, எது வந்தாலும் வரட்டும் என்று இருந்தது. ஆனால் டாக்டர் போகாமல் நின்றார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வெட்டு என்றால் என்ன என்று கேட்டார். நான் சொன்னேன்.

"இது எத்தனை வருஷமா நடக்குது?"

"நான் சேர்றதுக்கு முன்னாடியே இருக்குது டாக்டர்."

"இந்த மாத்திரையை இந்த மாதிரி வெட்டி வேற யாருக்கெல்லாம் குடுத்திருக்கீங்க?"

பெயர் கிடையாது, பில் கிடையாது, ஞாபகத்தில் முகம் மட்டும்தான். பொத்தேரியில் காலேஜ் பையன்களுக்கு மெஸ் நடத்தின ஒரு அண்ணன் இருந்தார். கரண்டி பிடிக்க முடியாமல் விரலெல்லாம் மடங்கிக்கிடக்கும். வந்தால் எனக்கு மைசூர்பாகு கொண்டு வருவார். போன வருஷம் முதலாளியே தன் கையால் இதே மாத்திரை அட்டையில் ஒரு வெட்டு போட்டு அவருக்குக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அவர் வாய்ப்புண்ணுக்கு மருந்து வாங்கிக்கொண்டு போனார். அப்புறம் வரவே இல்லை. நன்றி கெட்ட மனுஷன், சொல்லாமல் கொள்ளாமல் கடையை மாற்றிவிட்டான் என்று நான்தான் கவுண்டரில் நின்று ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன்.